யாரோட ஆள்?

2000ஆம் ஆண்டு. மழைக்காலம் முடிந்த ஒரு மாலை. தாராவியில், சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டை ஒட்டிய ஒரு தோல் கடை. அண்ணாச்சி முன்னால் நிற்கிறார், நான் அவருக்கு அரையடி பின்னால். கடைக்காரச் சேட் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சியைப் பார்த்துத்தான் கேட்டார்: "கிஸ்கா ஆத்மி ஹை?"

யாரோட ஆள்?

"மேரா" என்றார் அண்ணாச்சி. என்னோட ஆள்.

பேச்சு அவ்வளவுதான். சேட் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, கடைப் பையனிடம் ஆறு ஷீட் எடுத்துப் போடச் சொன்னார். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, முன்பணமும் இல்லை. கிட்டத்தட்ட 5,000 ரூபாய் பெறுமான தோலைச் சுருட்டி என் தோளில் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு என் சட்டைப் பையில் 200 ரூபாய்கூட இருந்திருக்காது.

90 அடி ரோட்டுக் கூட்டத்தில் அந்தச் சுருளைச் சுமந்துகொண்டு நடந்தபோது, எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஏலே, இது ஒம்மேல உள்ள நம்பிக்கைன்னு நெனச்சிராத. ஒன்னைய அவருக்குத் தெரியாது. எம்பேரத்தான் நீ தோள்ல தூக்கிட்டு வார."

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் அக்கா மகள். பெங்களூருவில் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் போனில் ரொம்ப நேரம் பேசினாள். "மாமா, ஆபீஸ்ல என்னைய நம்பி ஒரு வேலையும் குடுக்க மாட்டேங்காங்க. நானும் ஒழுங்காத்தான் இருக்கேன். எப்படித்தான் நம்ப வைக்கது?" என்று கேட்டாள். நேர்மையாக இரு, தன்னால் நம்புவார்கள் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கையில் யாராவது எதையாவது கொடுத்தால்தானே நேர்மையைக் காட்ட முடியும்? முதல் ஆறு ஷீட் தோளில் ஏறாமல் என் கை சுத்தமா இல்லையா என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? அதை அவளிடம் போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இது.

நான் ஊரிலிருந்து வந்தது 1998இல். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். சென்னை வந்து, அங்கிருந்து தாதர் எக்ஸ்பிரஸ். கையில் இருந்தது அண்ணாச்சியின் பெயரும், தாராவியில் அவருடைய பட்டறை இருக்கும் சந்தின் அடையாளமும் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு ஆள் வரத் தொடங்கி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. தோல் பதனிடும் வேலைக்காக முதலில் வந்தவர்களில் நம் பக்கத்து முஸ்லிம்களும் ஆதிதிராவிட மக்களும் உண்டு. பதனிடும் ஷெட்டுகள் பிற்பாடு தேவனார் பக்கம் போய்விட்டன. பதனிட்ட தோல் இப்போது சென்னை, கான்பூர், கொல்கத்தா என்று வெளியிலிருந்துதான் வருகிறது. தாராவியில் மிஞ்சியது வெட்டுவதும் ஒட்டுவதும் தைப்பதும். ஆனால் அந்தக் காலத்திலிருந்து மாறாத ஒன்று, ஆள் சொல்லி விடுவது. தனியாக வந்து இறங்கி, நான் நல்லவன் என்று சொல்லி யாரும் இங்கே காலூன்றியதில்லை. இன்னாருடைய மச்சான், இன்னார் ஊர், இன்னாரிடம் வேலை பார்த்தவன். முதல் கதவு அப்படித்தான் திறக்கும்.

அந்த ஆறு ஷீட்டுக்கு வருகிறேன். அதில் ஆறு டஜன் பர்ஸ் செய்து கொடுக்க வேண்டும்.

துணிக்கு ஓரம் நேராக இருக்கும். தோல் அப்படி இல்லை, ஒரு ஷீட் மாதிரி இன்னொன்று இருக்கவே இருக்காது. முதுகுப் பக்கம் கெட்டி. வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுபடும். கழுத்தில் சுருக்கம். நடுவில் உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, சூடு போட்ட தழும்பு. வெட்டுவதற்கான அளவு அச்சை, அதாவது ஃபர்மாவை, அதன் மேல் வைத்து, திருப்பி வைத்து, நகர்த்தி, குறையெல்லாம் ஓரத்துக்குப் போகிற மாதிரி பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். மேலே தெரிகிற பாகம் முதுகிலிருந்து, உள்ளே மறைகிற பாகம் வயிற்றிலிருந்து. அவசரக்காரன் ஒரு ஷீட்டில் பத்து பர்ஸ் எடுத்தால், நிதானமானவன் பன்னிரண்டு எடுப்பான்.

சேட்டின் கணக்கு, ஒரு பர்ஸுக்கு ஒன்றரை சதுர அடி, வேஸ்டேஜ் சேர்த்து. ஆறு டஜனுக்கு 108. ஷீட்டின் பின்புறத்தில் எழுதியிருந்த அளவுகளைக் கூட்டினால் 112. நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து வெட்டினேன். வெட்டி முடித்தபோது, கத்தரன் என்று கிலோவுக்கு விற்கிற வெட்டுத் துணுக்குகள் போக, நல்ல துண்டுகளாகவே பத்து சதுர அடிக்குப் பக்கம் மிச்சம் இருந்தது. அன்றைய விலையில் 400 ரூபாய்க்கு மேல். எனக்கு அது அரை மாத மெஸ் பணம்.

சின்னக் கத்தரன் வெட்டுகிறவனுக்கு. அதில் சந்தேகம் இல்லை. பெரிய துண்டு யாருக்கு என்பதை இந்தத் தொழிலில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணாச்சியிடமே கேட்டேன். "கணக்குக்கு மால் குடுத்தாச்சுன்னா மிச்சத்தை ஒருத்தனும் கேக்க மாட்டான். குடுக்கதும் குடுக்காததும் ஒன் இஷ்டம்" என்றார். எனக்கு அவருடைய பெயர் நினைவுக்கு வந்தது. துண்டுகளை ஒரு பையில் போட்டு, பர்ஸ்களோடு கொண்டுபோய் வைத்தேன். சேட் அதில் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். மடித்து அலமாரியில் வைத்தார். நல்லது என்றுகூடச் சொல்லவில்லை.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அடுத்த லாட்டில், அதாவது அடுத்த தடவை கொடுத்த வேலையில், அவர் என் கணக்கைக் குறைத்துவிட்டார். பர்ஸுக்கு ஒன்றரை என்பது ஒன்றே கால் சொச்சம் ஆயிற்று. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். "நீ நல்லவன் ஆகுறதுக்கு எங்க வயித்துல ஏன் அடிக்க?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. நல்ல பெயருக்கு முதலில் கைக்காசு போகும், பலன் எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். எனக்கு ஆறு டஜன் பன்னிரண்டு டஜன் ஆக எட்டு மாதம் பிடித்தது. கூலியில் இரண்டு ரூபாய் ஏற ஒரு வருஷம்.

மூன்றாவது லாட்டில் ஒரு தப்பு செய்தேன். இரண்டு மாடலுக்கு இரண்டு ஃபர்மா ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கால் அங்குல வித்தியாசம். தூக்கக் கலக்கத்தில் சின்னதை எடுத்து வைத்து வெட்டிவிட்டேன். ஒட்டி, மடித்து, தைத்து, நாற்பது பீஸ் முடிகிற வரை தெரியவில்லை. ராத்திரி பத்து மணி இருக்கும். முடிந்த பர்ஸ் ஒன்றைத் திறந்து, சும்மா ஒரு நூறு ரூபாய் நோட்டை உள்ளே வைத்துப் பார்த்தேன். விளிம்புக்கு மேலே நோட்டு எட்டிப் பார்த்தது. இன்னொரு பர்ஸில் வைத்தேன். அதிலும். மூன்றாவதிலும்.

வயிற்றைப் பிசைந்தது. அண்ணாச்சியை எழுப்பினேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு பர்ஸை வாங்கி, நோட்டை வைத்துப் பார்த்துவிட்டு, "சேட் வீடு தெரியும்லா? போ" என்றார்.

"காலைல போறேன் அண்ணாச்சி. போன்ல வேணா இப்பச் சொல்லிரட்டுமா?"

"போன்ல சொல்லாத. நேர்ல போ. இப்பவே போ. கை சுத்தம் மட்டும் இருந்தா காணாதுலே, வாய் சுத்தமும் வேணும்."

மாஹிம் ஸ்டேஷன் பக்கம் சேட்டின் வீடு. கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்து யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார். சொன்னேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார். எத்தனை பீஸ்? எப்போது பார்த்தாய்? நாற்பது, இப்போதுதான், அரை மணி நேரம் ஆகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, காலையில் பார்ட்டிக்குப் போன் செய்து நாலு நாள் கேட்கிறேன். நாளைக்கு வந்து சொல்லியிருந்தால் எனக்கு அந்த ஒரு நாள் கிடைத்திருக்காது" என்றார். வீணான தோலின் விலையை என் கூலியில் மூன்று லாட் பிடித்துக்கொண்டார். ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி இல்லை. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு என்னிடம் லாட் கொடுக்கும்போது, எப்போது முடியும் என்று ஒரு முறைதான் கேட்பார். இரண்டாம் முறை கேட்டதே இல்லை. தாமதம் ஆனால் நானே வந்து சொல்வேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கெட்ட செய்தியும் பால் மாதிரிதான், நேரம் போகப் போகக் கெடும். தப்பு செய்தவனுக்கு அது அவமானமாகத் தெரிகிறது. கேட்கிறவருக்கு அது அவகாசம். இன்றே சொன்னால் அவரால் எதையாவது மாற்ற முடியும். நாம் நம் முகத்தைக் காப்பாற்ற அவருடைய ஒரு நாளை எடுத்துக்கொள்கிறோம். அக்கா மகளுக்கு நான் முதலில் சொல்ல நினைத்தது இதுதான். வேலையைத் தப்பில்லாமல் செய்கிறவர்களை எல்லா மேலதிகாரிக்கும் பிடிக்கும். ஆனால் தைரியமாக ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போக வேண்டுமானால், தப்பு நடந்த ராத்திரியே கதவைத் தட்டுகிற ஆளைத்தான் தேடுவார்கள்.

நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் பொதுவாக நாணயம் என்று ஒரு சொல் இருக்கிறது. நாணயமான ஆள் என்கிறோம். சின்ன வயதில் அதைப் பற்றி யோசித்ததில்லை. அதன் முழு அர்த்தமும் எனக்குத் தெரிந்தது 2016 நவம்பரில்.

அதற்குள் எனக்குச் சொந்தமாக ஒரு கார்கானா. மாடியில் ஒரே அறை, பதினொரு பேர். பெரும்பாலும் பீகார்ப் பையன்கள். பட்டறையிலேயே சாப்பாடு, தூக்கம். இந்தத் தொழிலில் சம்பளம் எப்படி என்று வெளியாட்களுக்குத் தெரியாது. வாராவாரம் கைச்செலவுக்கு ஒரு தொகை கொடுப்போம், அதற்குக் கர்ச்சி என்று பெயர். மிச்சக் கூலி முதலாளியின் நோட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். ஈத், சத் பூஜை, தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போகும்போது ஹிசாப், அதாவது கூலிக் கணக்கு, முடித்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போவார்கள். அதாவது, ஆறு மாதம் எட்டு மாதம் அவர்களுடைய வியர்வை என் நோட்டில் வெறும் எண்ணாக இருக்கும். சேட் எனக்குக் கடன் கொடுத்தார், அவரிடம் கடை இருந்தது, வீடு இருந்தது. ஊரில் அரை ஏக்கர்கூட இல்லாத பையன் எனக்கு முப்பதாயிரம் ரூபாய் கடன் கொடுத்திருக்கிறான். அவனிடம் எந்தச் சட்டக் காகிதமும் இல்லை. நம்பிக்கை என்றால் நாம் எப்போதும் மேலே இருப்பவர்களைத்தான் பார்க்கிறோம், அவர் என்னை நம்புவாரா, இவர் நம்புவாரா என்று. கீழே இருப்பவர்கள் நம்மை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதில்லை. என் வாழ்க்கையில் என்னை அதிகமாக நம்பியவர்கள் அந்தப் பதினொரு பேர்தான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நோட்டை உரக்கப் படிப்பேன். அவனவன் தன் சின்ன நோட்டில் சரிபார்ப்பான். ஒரு முறை ஒருவன் நோட்டில் என்னுடையதைவிட 400 ரூபாய் அதிகம் இருந்தது. அரை மணி நேரம் தேடியும் எங்கே வித்தியாசம் என்று தெரியவில்லை. அவன் கணக்குப்படியே ஏற்றிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துப் பழைய பக்கத்தைப் புரட்டியபோது கிடைத்தது. நான்தான் ஒரு நாள் வேலையை எழுதாமல் விட்டிருந்தேன். அவனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். காட்டாமல் விட்டிருந்தாலும் பணம் அவனுக்குப் போய்ச் சேர்ந்ததுதான். ஆனாலும் தப்பு யாருடையது என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. என்னிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பழைய நோட்டு. பையன்களுக்கு நான் தர வேண்டிய ஹிசாப் மூன்று லட்சத்துக்கும் கொஞ்சம் அதிகம். புதன்கிழமையே சிலர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்களைக் கூப்பிட்டு, "இந்தா உன் பாக்கி" என்று பழைய நோட்டைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். மாற்றுவது அவன் பாடு. எனக்கும் அந்த யோசனை சொல்லப்பட்டது. சொன்னவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

என் பையன்களில் மூத்தவரை எல்லோரும் சாச்சா என்போம். அவர் அன்று ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றுமே கேட்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன், பழைய நோட்டில் யாருக்கும் ஹிசாப் முடிக்க மாட்டேன், பேங்கில் போட்டு உங்கள் ஊர்க் கணக்குக்கே அனுப்புகிறேன் என்று. எல்லோருக்கும் ஜன் தன் வங்கிக் கணக்கு இருந்தது, அது ஒரு வசதி. என் கணக்கிலிருந்து வாரம் 24,000 ரூபாய் வரை எடுக்கலாம் என்றார்கள். ஆனால் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போய்ச் சேரும்போது பணம் தீர்ந்துவிட்ட நாட்கள் உண்டு. கர்ச்சி கொடுக்க வழியில்லை. 90 அடி ரோட்டில் நம் ஊர் நாடார் மளிகைக்கடை ஒன்று. அவரிடம் போய் நின்றேன். "எத்தன பேரு?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். அரிசி, பருப்பு, எண்ணெய், ஆட்டா எல்லாம் நோட்டில் எழுதிக் கொடுத்தார். ஐந்து வாரம். ஒரு நாள்கூட எப்போது தருவாய் என்று கேட்கவில்லை. ரிசர்வ் வங்கிக் கவர்னர் கையெழுத்துப் போட்ட நோட்டை வாங்க ஆளில்லாத அந்த மாதத்தில், பென்சிலில் எழுதிய அந்த மளிகை நோட்டு செல்லுபடியானது.

பதினொரு பேருக்கும் ஹிசாப் ஜனவரிக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த வருஷம் யாரும் என்னை விட்டுப் போகவில்லை. மற்ற பட்டறைகளில் ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள்.

பேங்க்குக்கு இதெல்லாம் தெரியாது. 2018இல் இரண்டு தையல் மெஷினும் ஓரம் சீவுகிற ஸ்கைவிங் மெஷினும் வாங்க சிறுதொழிலுக்கான முத்ரா கடன் கேட்டுப் போனேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அந்த அதிகாரி என் சிபில் ஸ்கோர், அதாவது கடன் கட்டிய வரலாற்றுக்கு சிபில் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண், மைனஸ் 1 என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருஷமாக ஒருவருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்கோர் 300இலிருந்து 900 வரை. மைனஸ் 1 என்றால் மோசம் என்று அர்த்தம் இல்லை, என்னைப் பற்றிப் பதிவே இல்லை என்று அர்த்தம். சிபில் தொடங்கியதும் நான் முதல் ஆறு ஷீட்டைத் தூக்கியதும் ஒரே 2000ஆம் ஆண்டில்தான். பதினெட்டு வருஷம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. ஒரு ஸ்கூட்டர் கடன் எடுத்து ஒன்றரை வருஷம் தேதி தவறாமல் கட்டுங்கள், பிறகு வாருங்கள் என்றார். அப்படியே செய்தேன், கடன் கிடைத்தது. வீட்டுக்கு வரும்போது யோசித்தேன், பேங்க்கும் முதலில் ஆறு ஷீட் கொடுத்துத்தான் பார்க்கிறது. மிச்சத் துண்டு திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பன்னிரண்டு டஜன்.

ஆகவே அக்கா மகளே, பெரிய வேலைக்குக் காத்திருக்காதே. யாரும் ஆசைப்படாத சின்ன வேலை ஒன்றைக் கேட்டு வாங்கு. அதில் மிஞ்சுகிற துண்டைக் கொண்டுபோய் வை.

இனி எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கிற பகுதி.

2012இல் சொந்தத்தில் ஒரு பையனுக்காகச் சேட் கடையில் நின்றேன். அப்போது சேட்டின் மகன் பொறுப்பேற்றிருந்தார். அதே கேள்வி, கிஸ்கா ஆத்மி ஹை. அதே பதிலை நான் சொன்னேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. மூன்று லாட் ஒழுங்காகச் செய்தான். நான்காவதில் 38,000 ரூபாய் பெறுமான தோலோடு காணாமல் போனான். போன் ஸ்விட்ச் ஆஃப். அறையில் ஒரு பழைய செருப்பும் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவும் கிடந்தன.

கடைக்குப் போனேன். சேட்டின் மகன் கத்தவில்லை. "ஆப்கா ஆத்மி" என்று மட்டும் சொன்னார். உங்க ஆள். மாதம் ஐந்தாயிரம் வீதம் நான் கட்டுகிறேன் என்றேன்.

வீட்டில் என் மனைவி கேட்டாள், "அவன் எடுத்துட்டுப் போனதுக்கு நாம ஏன் கட்டணும்? நீங்களா தின்னீங்க?" மகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. அவள் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் நின்றவனுக்கும் அவ்வளவு பொறுப்பு என்கிறது. ஆனால் நான் சட்டத்தை நினைத்தா நின்றேன், ஒரு வார்த்தைதானே சொன்னேன். அவளிடம் அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. எட்டு மாதம் கட்டினேன். கடைசி மாதம் மூவாயிரம். அந்த எட்டு மாதமும் அவள் ஒரு புடவை எடுக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு யாருக்காகவும் நிற்பதை விட்டுவிட்டேன். வேலை கேட்டு வருகிறவனுக்குச் சோறு போட்டேன், இடம் கொடுத்தேன், தொழில் சொல்லிக் கொடுத்தேன். பெயரை மட்டும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷம். அதை நான் அனுபவம் என்று சொல்லிக்கொண்டேன்.

மதுபனி ஜில்லாவிலிருந்து வந்த ஒரு பையன் என்னிடம் ஆறு வருஷமாக இருக்கிறான். கை அப்படி ஒரு கை. தோலைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் இழுபடும் என்று சொல்லிவிடுவான். "அண்ணா, எனக்கு ஒரு லாட் வாங்கிக் கொடுங்க, தனியா செஞ்சு பாக்குறேன்" என்று ஒரு வருஷமாகக் கேட்கிறான். பார்ப்போம், பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

போன வருஷம், தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும், கடைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். பெரிய சேட் இப்போது சாயங்காலம் மட்டும் வந்து உட்காருவார். கண் சரியாகத் தெரியாது, குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார். டீ சொன்னார். அப்புறம், "இப்போதெல்லாம் உன் பின்னால் யாருமே வருவதில்லையே, ஏன்?" என்று கேட்டார். 2012 விஷயத்தைச் சொன்னேன். அவர் மகன் சொல்லியிருப்பார் போல, தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உன் அண்ணாச்சியும் இங்கே வந்து கட்டியிருக்கிறார். பதினொரு மாதம். உனக்கு முன்னால் ஒருவனைக் கூட்டி வந்தார், அவன் ஓடிவிட்டான். கடைசித் தவணையைக் கட்டிய மறுவாரம்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்."

டீயைக் குடிக்க முடியவில்லை. இருபத்து நாலு வருஷமாக அந்த "மேரா" எனக்கு ஒரு சாதாரண வார்த்தையாகத்தான் காதில் இருந்தது. சேட் ஏன் வேறெதுவும் கேட்காமல் ஆறு ஷீட்டை இறக்கினார் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஒரு சொல்லுக்கு அண்ணாச்சி பதினொரு மாதம் விலை கொடுத்திருந்தார். கொடுத்துவிட்டு, கை ஆறுவதற்குள் அதே சொல்லை எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். என் மனைவி கேட்ட கேள்விக்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி சம்சாரமும் அப்ப என்னைய மாதிரிதான் கேட்டிருப்பா" என்றாள்.

அண்ணாச்சி ஊருக்குத் திரும்பிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று ராத்திரியே போன் போட்டேன். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேச வேண்டும். ஏன் அண்ணாச்சி என்னிடம் சொல்லவே இல்லை, அப்படி ஒருத்தன் ஏமாற்றிவிட்டுப் போன பிறகும் எப்படி என்னை நம்பினீர்கள் என்று கேட்டேன்.

"ஓடுனவன் அவன்லா" என்றார். "அதுக்கு நீ என்னலே பண்ணுவ?"

பிறகு பாபநாசம் அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகும் நான் உடனே மாறிவிடவில்லை. இன்னும் சில மாதம் யோசித்தேன். அன்றைய 38,000 இன்றைக்கு இன்னும் பெரிய தொகையாக வரும், அந்தப் பயம் நியாயமானதுதான். பையனுடைய சின்ன நோட்டை வாங்கி ஆறு வருஷத்தையும் புரட்டிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் எனக்குச் சாதகமாகத் தப்பு இருந்து அவனே அடித்துத் திருத்தியிருக்கிறான். மூன்று இடத்தில் அவனுக்குச் சாதகமாக இருந்த தப்பையும் அவனே அடித்திருக்கிறான்.

வருகிற புதன்கிழமை அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பெரிய சேட் இருக்கும் நேரமாகப் பார்த்து, சாயங்காலம். முதலில் நாலு டஜன் போதும் என்று அவனே சொன்னான். மிச்சத் துண்டைப் போட ஒரு பை எடுத்து வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.